மொட்டைமாடியில் நிற்கும் குழாய்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா இறந்தது மாரடைப்பால் அல்ல, கழிவுக் குழாயிலிருந்து வந்த விஷவாயுவால். உடற்கூறாய்வு அறிக்கை இன்று பதினொரு மணிக்கு எங்கள் மருத்துவமனைப் பதிவறைக்கு வந்தது. கோப்பில் வைப்பது என் வேலை. வைப்பதற்கு முன் இரண்டு முறை படித்தேன்.

பிப்ரவரி 26 காலை ஒன்பதே காலுக்குக் குளியலறைக்குள் போயிருக்கிறாள். ஒன்பது நாற்பதுக்குக் கணவர் கதவை உடைத்திருக்கிறார். கடிகாரம் பழுது பார்ப்பவர், அவர் சொல்லும் நேரத்தை நம்பலாம். உள்ளே போனவர் தானும் சுருண்டு விழுந்தார். பக்கத்து வீட்டார் இழுத்து வெளியே போட்டதால் பிழைத்தார்.

எட்டு வீட்டுக் கழிவும் பின்சுவர்க் குழாய் ஒன்றில்தான் இறங்குகிறது என்பது உனக்குத் தெரியாததல்ல. ஜனவரியில் அவள் குளியலறையைப் புதுப்பித்தவர் ‘நாளைக்கு’. எப்போது கூப்பிட்டாலும் “நாளைக்கு வர்றேங்க்கா” என்பாரே, அந்தக் குழாய்க்காரர்தான். அதே வாரம் பின்பக்கச் சேம்பரின், அதுதான் அந்தக் குழாய் வந்து இறங்குகிற கழிவுத் தொட்டியின், விரிசல் விட்ட மூடியை எடுத்துவிட்டுப் புது மூடி வைத்து, சுற்றிலும் சிமெண்ட் பூசினார். நாற்றம் தாங்கவில்லை என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொல்லிச் செய்தது. அறிக்கையின் நகல் முதலில் போலீஸுக்குத்தான் போயிருக்கிறது. மார்ச் முதல் தேதியே அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவருடைய கவனக்குறைவால் சாவு என்று வழக்கு.

ஃபோனில் கேட்டால், அந்த வெளிநாட்டு அறையில் பக்கத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்று நீ “சரி, சரி” என்றே சொல்வாய். அதனால்தான் எழுதுகிறேன். இருபது வருடமாகக் குழாயோடு வாழ்கிறவன் நீ. என்ன நடந்திருக்கும்?

என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மகள் கல்லூரிக்குப் போய் வருகிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கட்டடம் முப்பத்தோராவது மாடிக்கு வந்துவிட்டது. என் கீழே இப்போது பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, படி ஏறுவதைக் குறை.

தையல்காரம்மா பற்றிக் கேட்டு வருத்தப்பட்டேன். நீ கேட்டதற்குப் பதில்: தரைச் சல்லடைக்குக் கீழே வளைந்த துண்டு ஒன்று இருக்கும். அதில் நிற்கும் தண்ணீர்தான் குழாய்க்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கதவு. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் வாயு நேராக அறைக்குள் வரும். ‘நாளைக்கு’ அந்த வளைவை ஒழுங்காகப் பொருத்தியிருக்க மாட்டார். அவர் வேலை உனக்குத் தெரியாதா? நேற்றைய வேலையை நாளைக்குச் செய்கிற ஆள்.

முக்கியமாக ஒன்று. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சேம்பர் மூடியின் சிமெண்டைக் கொத்தச் சொல்லி, ஒரு பக்கம் செங்கல் வைத்து இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்தச் சொல். நாற்றம் வந்தாலும் பரவாயில்லை. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்குள் எதையும் இடிக்க விடாதே. யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்.

மகளுக்கு என் ஆசி.

உன் தம்பி

*

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

மூடியைத் தூக்கிச் செங்கல் வைத்தாயிற்று. யார் சொன்னது என்று செயலாளர் கேட்டார். மருத்துவமனையில் ஒரு டாக்டர் சொன்னார் என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது.

நேற்று நகராட்சிப் பொறியாளர் வந்தார். தையல்காரம்மா குளியலறையின் வளைவைக் கழற்றிப் பார்த்தார். சரியாகவே பொருத்தியிருந்தது. தண்ணீர் ஊற்றி நிரப்பினார். மூடியைப் பழையபடி அடைத்துவிட்டு, இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் ஒரே நேரத்தில் கழிப்பறைத் தண்ணீரை இழுத்துவிடச் சொன்னார். சல்லடை வழியாகத் தண்ணீர் தவளை மாதிரி எகிறி வெளியே விழுந்தது. பிறகு ‘களக்’ என்று உள்ளே இழுத்துக்கொண்டது. டார்ச் அடித்துப் பார்த்தபோது வளைவு காலியாக இருந்தது.

“மூச்சு விட எடமில்லாத கொழா இப்படித்தான் பண்ணும். மேல காத்துக்கொழா இருக்குதா?” என்றார்.

செயலாளர், “நிக்குதே சார், தெருவுல இருந்து பாத்தாலே தெரியும்” என்றார்.

பொறியாளர் மாடி ஏறி நம் வீட்டுக்கு வந்தார். சுவர் ஓரமாகத் தொப்பி போட்டு நிற்கிற குழாயைப் பேனாவால் தட்டினார்.

“இது கீழ வரைக்கும் போகுதாம்மா?”

“பாத்தா அப்படித்தான் சார் தெரியுது.”

காற்றுக்குழாய் உள்ளது என்று எழுதிக்கொண்டு, சேம்பர் மூடியைத் திரும்பத் தூக்கி வைக்கச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். ஆக, தப்பு சேம்பரை அடைத்தவர் மேல் விழுந்தது.

தம்பி, நீயாக எழுதுவாய் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். நீ எழுதவில்லை, நான் எழுதுகிறேன். எட்டு வருடத்துக்கு முன் நான் பெண் குழந்தையோடு என் கணவர் வீட்டை விட்டு வந்தபோது, அப்பா வாங்கி வைத்த மாடி உரிமையில் நீ எனக்கு இரண்டு அறை கட்டினாய். அனுமதி வாங்கவில்லை. பொதுக் குழாயைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையில்தான் சங்கம் விட்டது. அந்தக் குழாயின் வாய் என் கட்டிலுக்கு நேராக வந்தது. ராத்திரியெல்லாம் குமட்டுகிறது என்று நான்தான் சொன்னேன். நீ குழாயைத் தரைமட்டத்தில் அறுத்து, மூடி போட்டு, சிமெண்ட் ஊற்றி, மேலே கல் பதித்தாய். டார்ச் பிடித்தது நான். அறுத்த மேல்துண்டை வெளிச்சுவரில் கவ்வி அடித்து நிறுத்தி, “செயலாளர் கண்ணுக்குக் குழாய் நிக்கணும், அவ்வளவுதானக்கா” என்றாய். இருவரும் சிரித்தோம்.

அது எங்கேயும் போகாத குழாய். இது தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் பத்து நாளில் போய்ச் சேரும் என்று அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ‘நாளைக்கு’வின் மனைவி வந்தாள். சலவைக்கடையில் துணி மடிக்கிறவள். நான்கு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினாள். தண்ணீர் கொடுத்தேன்.

“நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க, நாலு எழுத்துப் படிச்சவங்க. அவர் தப்பு பண்ணுனாரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்கக்கா. பண்ணியிருந்தா நான் எம்புள்ளைங்ககிட்ட அப்படியே சொல்லிடுறேன்.”

“ஏம்மா, நீ அவரைக் கேக்கலையா?”

“கேட்டேன். மாடியில கொழா நின்னுது, அதை நம்பித்தான் மூடுனேன்னாரு. சோம்பேறிதான்க்கா, நான் இல்லன்னு சொல்லல. கல்யாணத்தன்னைக்கே ஒரு மணி நேரம் லேட்டு. ஆனா கையை வெச்சா வேலை சுத்தமா இருக்கும்.”

பேசும்போது அவள் எந்த இடத்தில் கால் வைத்து நின்றாள் என்று நான் எழுத வேண்டியதில்லை. கட்டிலுக்கு நேரே, நீ பதித்த கல்லின் மேல்.

காலி டம்ளரை வாங்கி வைத்தேன். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்கவில்லையாம். அடுத்த விசாரணை 28-ம் தேதி.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

*

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே வெயில் தாங்கவில்லை. மகளுக்கு ஒரு கைக்கடிகாரம் அனுப்பியிருக்கிறேன், வந்ததா என்று எழுது.

முதலில் அந்த ஏப்ரல் கடிதத்தைப் படித்ததும் கிழித்தேன். இனி அந்த மாதிரி எழுதாதே. ஆறு பேர் தூங்குகிற அறை இது.

நீ படித்தவள், யோசித்துப் பார். எட்டு வருடம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன்? கீழே மூடியில் விரிசல் இருந்தது, குழாய் அது வழியாக மூச்சு விட்டது. நான் மேலே அடைத்தபோது அதைப் பார்த்துவிட்டுத்தான் அடைத்தேன். அந்த விரிசலை அடைத்தவர்தான் கடைசியாக அடைத்தவர். கடைசி ஆள் மேல்தான் கணக்கு வரும்.

நீ வாயைத் திறந்தால் முதலில் போவது உன் வீடு. அனுமதி இல்லாத அறைகள், மறுநாளே நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு எங்கே போவாய்? திரும்பவும் அவர் வீட்டுக்கா?

ஊர் வாயை மூட உலை மூடி இல்லை, உன் வாயையாவது மூடிக்கொள். பெரியவளிடம் இப்படிப் பேசுவதற்கு மன்னித்துக்கொள்.

உன் தம்பி

*

ஜூன் 1

தம்பிக்கு,

கடிகாரம் வந்தது. மகள் கட்டிக்கொண்டாள், சரியான நேரம் காட்டுகிறது.

உறுதியான செய்தி இது: 28-ம் தேதியும் ஜாமீன் இல்லை. அவர் மனைவி நேரில் வந்து சொன்னாள்.

விரிசலைப் பார்த்துவிட்டுத்தான் மேலே அடைத்ததாக எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்த விரிசல் அடைபடக்கூடாது என்பது உனக்கு அன்றே தெரியும். எட்டு வருடத்தில் ஒருவரிடமாவது சொன்னாயா? என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜனவரியில் அவர் சாந்தும் கரண்டியுமாக உட்கார்ந்தபோது நான் மாடியிலிருந்து கத்தியிருப்பேன். கைப்பிடிச் சுவரில் துணி காயப்போட்டுக்கொண்டு நான் அதைப் பார்த்தேன், தம்பி. அவர் நிமிர்ந்து, தொப்பி போட்ட குழாயைப் பார்த்துவிட்டுத்தான் குனிந்து பூசினார். என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இதில் பாவத்தில் பாதி எனக்கு. குமட்டுகிறது என்று சொன்னது நான்தானே.

வீடு போகும் என்பது எனக்குத் தெரியும். உன்னைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் மனைவியும் பையன்களும் சுகமா?

அக்கா

*

ஜூன் 21

அக்கா,

வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதியிருக்கிறாள்.

நான் அறுத்தது தப்பு. அறுத்த துண்டை நிறுத்தி வைத்தது அதைவிடத் தப்பு. போதுமா? இங்கே வந்து இத்தனை வருடத்தில் நூற்றுக்கணக்கான காற்றுக்குழாய் ஏற்றியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் உச்சியில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். வேலைக்கு வந்தவர்கள் என்னை ‘கைநாட்டு’ என்று கிண்டல் பண்ணுவார்கள். ஏன் அப்படிப் பார்க்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 5-ம் தேதி மேற்பார்வையாளர் உரிமத்துக்குப் பரீட்சை. அது கிடைத்தால் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பெயரில் வழக்கு இருந்தால் பரீட்சைக்கே உட்கார விடமாட்டார்கள். பெரியவனுக்கு என் முகம் மறந்து போகிற வயது.

இரண்டு மாதம் பொறு. ஆகஸ்ட் தாண்டட்டும், நானே எழுதித் தருகிறேன். உனக்காகத்தானே அன்று குழாயைத் தொட்டேன். எனக்காக இரண்டு மாதம் பொறுக்க மாட்டாயா?

உன் தம்பி

*

ஜூலை 12

தம்பிக்கு,

மழை பிடித்துவிட்டது. மகளுக்குச் சளி, மற்றபடி நலம். நீ கேட்ட இரண்டு மாதத்துக்கு நான் சம்மதித்தேன். எழுதவில்லையே தவிர, சம்மதித்துத்தான் இருந்தேன். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒன்பதாம் தேதி எங்கள் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. சிறையிலிருந்து அனுப்பிய நோயாளி, மஞ்சள் காமாலை, வயது நாற்பத்தொன்று. தொழில் என்ற இடத்தில் ‘குழாய்ப் பணி’ என்று இருந்தது. மதிய இடைவேளையில் வார்டுக்குப் போனேன். ஒரு கை கட்டிலோடு சேர்த்து விலங்கில். காவலர் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்களா? மேல் வீட்டுக் கொழா இன்னும் சொட்டுதா? நாளைக்கு வந்து பாக்கறேன்” என்று சிரித்தார். கண் இரண்டும் எலுமிச்சை நிறம்.

“எப்ப விடுவாங்களாம்?”

“அதுவும் நாளைக்குன்னுதான் சொல்றாங்க. என் வித்தையை எனக்கே காட்டுறானுங்க.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “வக்கீல் ஒரு வழி சொன்னாருக்கா. ஒத்துக்கிட்டா சீக்கிரம் வெளிய வந்துடலாமாம். கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“என்னன்னு ஒத்துக்கிட்டீங்க?”

“காத்துப் போற வழிய நான் சரி பாக்கலைன்னு. மொதல்ல கோவமாத்தான் இருந்துச்சு. அப்புறம் நாலு மாசமா சொவத்தையே பாத்துக்கிட்டு யோசிச்சேன். மேல கொழா இருக்கு, சரி. வளைவு சரி. அப்ப எங்க தப்பு? நான்தான் ஏதோ விட்டிருப்பேன். அந்தத் தையக்காரம்மா, வேலை நடக்கும்போது தினம் என் மவளுக்கு மிச்சத் துணி குடுத்துவுடும். அதை நெனச்சா சாப்பாடு எறங்கல.”

காவலர், “போதும்மா, நேரமாச்சு” என்றார்.

கையெழுத்துப் போட்டது ஜூன் 30. வார்டிலிருந்து நேராகப் பதிவறைக்குப் போய் ஒரு தாள் எடுத்து உட்கார்ந்தேன். எழுதவில்லை. உனக்குத் தெரிவித்துவிட்டுச் செய்ய வேண்டும் என்று இதை எழுதுகிறேன். உன் பரீட்சை முடிந்த மறுநாள், ஆகஸ்ட் 6-ம் தேதி காலை, பொறியாளர் அலுவலகத்துக்குப் போகிறேன். உனக்குக் கொடுத்த இரண்டு மாதத்தில் அதுவரைக்கும்தான் என்னால் கொடுக்க முடியும்.

அக்கா

*

ஆகஸ்ட் 9

அக்கா,

பரீட்சை எழுதிவிட்டேன். நன்றாகவே எழுதினேன். கேள்வித்தாளில் ஏழாவது கேள்வி, காற்றுக்குழாயை எந்தச் சூழ்நிலையிலும் அடைக்கக்கூடாது என்பதற்கான காரணங்கள். பத்து மதிப்பெண். ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

6-ம் தேதி போனாயா? போகவில்லையென்றால் முடிவு வருகிற 30-ம் தேதி வரை பொறு. போய்விட்டாய் என்றால் என் பெயரைச் சொன்னாயா என்று மட்டும் எழுது. யாரோ ஒரு கொத்தனார் செய்தார், பெயர் ஞாபகமில்லை என்று சொன்னாலும் அவர் வெளியே வந்துவிடுவார் அல்லவா? அதை யோசித்தாயா?

முட்டி எப்படி இருக்கிறது?

உன் தம்பி

*

ஆகஸ்ட் 24

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று காலை பத்தரை மணிக்கு என் படுக்கையறைத் தரையை உடைத்தார்கள். மூடி இருந்தது. சிமெண்டுக்குக் கீழே, நீ வைத்தது வைத்தபடி. பொறியாளர் தன் கையாலேயே அறுத்தார். வாய் திறந்ததும் நீளமாகக் காற்று வந்தது. கீழே, மூடியை அடைத்துத் தண்ணீர் இழுத்துவிட்டுப் பார்த்தும் தையல்காரம்மா வீட்டுச் சல்லடையில் அந்தக் களக் சத்தம் வரவில்லை என்று அவள் கணவர் படியேறி வந்து சொன்னார். என்னைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

6-ம் தேதி போனேன். பொறியாளர் முதலில் நம்பவில்லை. “அந்தாளே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க எதுக்கும்மா சும்மா இருக்கற வீட்டை இடிச்சுக்கறீங்க?” என்றார். நான் எழுதிக்கொண்டு போன தாளைக் கொடுத்தேன். டார்ச் பிடித்தது நான் என்று அதில் இருக்கிறது. உன் பெயரும் இருக்கிறது. கொத்தனார் யோசனை உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கும் தோன்றியது. ஒரு நாள் முழுக்க அதை வைத்துப் பார்த்தேன். ஏற்கெனவே ஒரு பொய்க் குழாயை நிறுத்தித்தான் இவ்வளவும்.

ஒத்துக்கொண்ட வழக்கைத் திருப்புவது லேசு இல்லை என்று வக்கீல் சொன்னார். மூடி இருந்தது நிரூபணமாகிவிட்டது. அது அவர் வேலைக்கு முன்பே இருந்தது என்பதற்கு என் வாய்ச்சொல் மட்டும்தான். அறுத்தவன் எழுதிக் கொடுத்தால்தான் நிற்கும் என்கிறார். ‘நாளைக்கு’விடம் நானே போய்ச் சொன்னேன். காமாலை இறங்கியிருக்கிறது, ஆள் பாதியாகியிருக்கிறார். “அப்ப நான் எதையும் விடலையாக்கா?” என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன்.

அறைகளை இடிக்க நோட்டீஸ் வந்துவிட்டது, முப்பது நாள் கெடு. மகள் நோட்டீஸைப் படித்துவிட்டு, மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். தோழியின் வீட்டுப் பக்கம் ஒரு அறை பார்க்கிறாள்.

உன் பரீட்சை முடிவு 30-ம் தேதி. உன் வாக்குமூலம் கையெழுத்தோடு வக்கீலிடம் சேர வேண்டிய கடைசி நாள் செப்டம்பர் 15. நீதிமன்றம் அவர் மனுவை எடுப்பது 18-ம் தேதி. தபாலுக்குப் பத்து நாள் வைத்துக்கொண்டால், இது கிடைத்த ஓரிரு நாளிலேயே, 5-ம் தேதிக்குள் நீ எழுத வேண்டும். வீட்டை 22-ம் தேதி காலி செய்கிறேன். அதற்குப் பிறகு எழுதுவதானால் மருத்துவமனை விலாசத்துக்கு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா